நித்திரை குறைந்தால் உடம்பு ஏன் கூடுகிறது?

மட்டக்களப்புப் பக்கம் ஒருவர் கொஞ்சம் மெலிந்து தெரிந்தால், "நித்திரை முழிச்சு முழிச்சு ஆள் வத்திப் போச்சு" என்பார்கள். ஆஸ்பத்திரியில் தாயைப் பார்த்துக்கொண்டு வாங்கிலேயே விடியும்வரை இருந்தவர், கலியாண வீட்டு வேலைக்காக ஒரு கிழமை ஓடித் திரிந்தவர் என்று அதற்கு உதாரணங்களும் இருக்கும். கவலையும் அலைச்சலும் நேரத்துக்குச் சாப்பாடு இல்லாததும் சேர்ந்த நாட்களில் அப்படி நடப்பதுண்டு. ஆனால் சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மாதக் கணக்காக, வருடக் கணக்காக ஐந்து, ஐந்தரை மணித்தியாலமே உறங்கி வருபவர்களில் பலருக்கு நடப்பது நேர்மாறானது. நிறை கூடுகிறது. அதுவும் வயிற்றைச் சுற்றிக் கூடுகிறது.

உடம்பைக் குறைக்க நினைக்கும் ஒருவரிடம் நாம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: என்ன சாப்பிடுகிறீங்க, நடக்கிறீங்களா? எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சோற்றைக் குறைக்க முடியாமல் தோற்றுப்போய், "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று தன்னையே ஏசிக்கொள்ளும் பலருக்கு உண்மையில் இல்லாதது போதிய நித்திரை.

எவ்வளவு நித்திரை போதும்? 2015இல் அமெரிக்காவின் இரண்டு நித்திரை மருத்துவச் சங்கங்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலமோ அதற்கு மேலோ உறங்க வேண்டும் என்று சொல்லின. இதில் ஒரு கணக்குப் பிழை வழக்கமாக நடக்கும். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்பினால் ஏழு மணித்தியாலம் என்று நினைத்துக்கொள்கிறோம். படுத்த பிறகு போனில் போன நேரம், புரண்டு கிடந்த நேரம், நடுவில் எழும்பிய நேரம் எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது ஐந்தே முக்கால் அல்லது ஆறுதான்.

எங்கள் மாவட்டங்களில் நித்திரை கெடுவதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுக்கக் காய்ந்த சுவரும் கூரையும் நள்ளிரவு தாண்டியும் வெக்கையைக் கக்கும். மாரியில் நுளம்பு. இலண்டனில் இருக்கும் மகன் வேலை முடிந்து ஏழு மணிக்கு எடுக்கும் கோல், குளிர்காலமென்றால் எங்களுக்கு இரவு பன்னிரண்டரை, அங்கே கோடை என்றால் பதினொன்றரை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப நாலரைக்கு அடுப்பு மூட்டும் தாய்மார், சுபஹுக்கு எழும்புகிறவர்கள், எல்லாருக்கும் விடியற்காலை ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. பின்னுக்குத் தள்ளிப்போவது படுக்கும் நேரம் மட்டும்தான். அந்த இழுபடும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில்தான் விஷயமே இருக்கிறது.

முழித்திருந்தால் கொழுப்பு எரியாதா?

நியாயமான கேள்வி. முழித்திருக்கும் உடம்பு உறங்கும் உடம்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக எரிக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாக அளந்தது. 16 ஆரோக்கியமான இளைஞர்களையும் யுவதிகளையும் ஆய்வுகூடத்திலேயே தங்க வைத்து, ஐந்து நாட்கள் இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் உறங்க விட்டார்கள். வேறு நாட்களில் ஒன்பது மணித்தியாலம் உறங்க விட்டார்கள். சாப்பாடு விரும்பியபடி. நித்திரை குறைந்த நாட்களில் உடம்பு செலவழித்த சக்தி ஏறத்தாழ 5 சதவீதம் கூடியது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது அதைவிடக் கூடியது. ஐந்து நாளில் சராசரியாக 0.82 கிலோ ஏறிவிட்டது.

எந்த நேரத்தில் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்பதையும் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டும். காலைச் சாப்பாடு குறைந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறித்தது ஏறியிருந்தது. எவ்வளவு என்றால், அந்தக் கொறிப்பில் இருந்த கலோரி அன்றைய எந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் மிஞ்சியது. ஐந்து மணித்தியால நாட்களை முடித்து ஒன்பது மணித்தியால நித்திரைக்கு மாறியபோது, யாரும் சொல்லாமலே அவர்கள் சாப்பிடும் அளவு இறங்கியது.

இந்தக் கணக்கை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் சும்மா இருந்து முழித்தால் உடம்பு கூடுதலாகச் செலவழிப்பது நூறு கலோரியை ஒட்டித்தான் வரும். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு பிளேன்டீயில் நாற்பது கலோரி போய்விடும். அதோடு ஒரு பணிசோ மீன் ரோல்ஸோ எடுத்தால் முழித்த நேரமெல்லாம் எரித்தது திரும்பி வந்து மேலேயும் கொஞ்சம் சேர்ந்துவிடும். பத்து மணிக்குப் பிறகு கடைப்பக்கம் போய் ஒரு கோழிக் கொத்து என்றால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை. மாவும் எண்ணெயும் முட்டையும் சேர்ந்த அந்தத் தட்டு ஒரு முழு வேளைச் சாப்பாடு. அன்றைய மூன்று வேளையும் ஏற்கனவே முடிந்த பிறகு நான்காவது வேளையாக அது உள்ளே போகிறது.

"உடம்பு மெதுவாகி விட்டது, அதனால்தான் கூடுகிறது" என்று பலர் நம்புகிறார்கள். நித்திரைக் குறைவைப் பொறுத்தவரை ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுவது அதுவல்ல. நிறை கூடுவதன் பெரும்பங்கு வாய் வழியாகத்தான் போகிறது. இது ஒருவகையில் நல்ல செய்தி, ஏனென்றால் எங்கே திருத்தலாம் என்பது தெரிகிறது.

பசி எங்கிருந்து வருகிறது

சரி, முழித்திருந்தால் சாப்பிட்டே ஆக வேண்டுமா? தண்ணீர் குடித்துவிட்டு இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் உடம்பு எங்களுக்கு எதிராக நிற்கிறது.

பசியை நடத்தும் ஓமோன்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று லெப்டின். 1994இல் நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்களிலிருந்தே சுரந்து மூளைக்குப் போகும். களஞ்சியத்தில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொல்லும் ஆளைப்போல, உடம்பில் சேமிப்பு இருக்கிறது, இப்போதைக்குப் போதும் என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மற்றது கிரெலின். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கும். வயிறு காலியாகும்போது ஏறி, பசியைக் கிளப்பும்.

2004இல் சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆரோக்கியமான இளைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு இரவு நான்கு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். வேறு இரண்டு இரவு பத்து மணித்தியாலம் படுக்க விட்டார்கள். நித்திரை குறைந்தபோது லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசி 24 சதவீதம் கூடியதாக அவர்களே சொன்னார்கள். இனிப்பு, உப்புக் கொறிப்பு, மாச்சத்து நிறைந்த உணவுகள் மீதுதான் ஆசை கூடுதலாகப் போனது. மரக்கறி மீது அவ்வளவு போகவில்லை.

இந்த ஆய்வு உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிலவற்றில் கிரெலின் ஏறியது, சிலவற்றில் மாறவே இல்லை. லெப்டின் சிலவற்றில் கூடியும் இருக்கிறது, ஏனென்றால் ஆட்கள் கூடுதலாகச் சாப்பிட்டால் அதுவும் ஏறும். எனவே "நித்திரை குறைந்தால் இந்த ஓமோன் இத்தனை வீதம்" என்று மனப்பாடமாகச் சொல்பவர்களைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நித்திரை குறைந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

என்னைக் கேட்டால் ஓமோன்களைவிட மூளையின் கதைதான் முக்கியம். 2013இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 23 பேரை ஓரிரவு முழுக்க முழித்திருக்க வைத்து, மறுநாள் மூளை ஸ்கானுக்குள் வைத்து உணவுப் படங்களைக் காட்டினார்கள். நன்றாக உறங்கிய நாளோடு ஒப்பிட்டபோது, யோசித்து முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதிகளின் செயற்பாடு தணிந்திருந்தது. ஆசையையும் உணர்ச்சியையும் கிளறும் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகத் துடித்தது. அவர்கள் கேட்ட உணவும் அதற்கேற்பக் கலோரி கூடியதாகவே இருந்தது. ஆகவே இரவு பதினொன்றுக்கு மிக்சர் போத்தலைத் திறப்பவரை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று ஏசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாயைக் கட்டும் மூளைப் பகுதியே அந்நேரம் களைத்துக் கிடக்கிறது.

சீனி வருத்தமும் வயிறும்

எங்கள் பகுதியில் சீனி வருத்தம் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனித்து வாசியுங்கள்.

1999இல், மேலே சொன்ன அதே சிகாகோவில், 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணித்தியாலம் மட்டும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஆறாம் நாளாகும்போது அவர்களின் உடம்பு இரத்தத்தில் ஏறும் சீனியைச் சமாளிக்கும் வேகம் நன்றாகக் குறைந்திருந்தது. மாலையில் இறங்க வேண்டிய கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஓமோன் இறங்காமல் நின்றது. வருத்தம் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கே ஒரு கிழமைக்குள் இந்த நிலை. 2012இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு, நான்கு இரவு நித்திரை குறைத்தவர்களின் கொழுப்புக் கலங்களையே எடுத்துச் சோதித்தபோது, இரத்தத்தில் உள்ள சீனியைக் கலங்களுக்குள் எடுக்கச் சொல்லும் இன்சுலின் என்ற ஓமோனுக்கு அவை காட்டும் ஒத்துழைப்பு ஏறத்தாழ 30 சதவீதம் தணிந்திருந்தது.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 2022இல் வெளியான ஆய்வில், பருமன் இல்லாத 12 பேர் இரண்டு கிழமை இரவில் நான்கு மணித்தியாலம் உறங்கினார்கள். ஏறிய நிறை பெரிதாக இல்லை. ஆனால் ஸ்கானில் பார்த்தபோது வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு 11 சதவீதம் கூடியிருந்தது. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிடச் சீனி வருத்தத்தோடும் இருதய நோயோடும் நெருக்கமானது இந்த உள்வயிற்றுக் கொழுப்புத்தான். தராசில் ஏறிப் பார்த்து "நிறை கூடவில்லையே" என்று ஆறுதல்படுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. தெற்காசியர்களான எங்களுக்கு மெலிந்த தோற்றத்திலேயே வயிற்றில் கொழுப்புச் சேரும் இயல்பு கூட. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டெண் (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் BMI) 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது அதனால்தான். வீட்டில் தையல் நாடா இருந்தால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும்தான் எல்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போனால் நிறை, உயரம், பிறசர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கே உங்கள் நித்திரையைப் பற்றியும் நீங்களாகவே சொல்லுங்கள்.

மாறாக, நித்திரையும் குறைந்து, முயற்சி எடுக்காமலே நிறையும் இறங்கிக்கொண்டு போனால் அதை முழிப்பின் தலையில் போட்டுவிட்டு இருக்க வேண்டாம். தைரொயிட், கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம், காசநோய், மனச்சோர்வு எல்லாமே அப்படித் தொடங்கலாம். அது வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம்.

நித்திரையை வெட்டி நடக்கப் போகிறவர்கள்

கல்லடிக் கடற்கரையிலும் வாவிக்கரையிலும் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் படுத்து, நாலரைக்கு அலாரம் வைத்து எழும்பி நடக்கும் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். சாப்பாட்டையும் குறைத்து, நித்திரையையும் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2010இல் சிகாகோவில் நடந்த ஒரு பரிசோதனை நேரடியாகப் பதில் சொல்கிறது.

உடம்பு கூடிய 10 பேருக்கு இரண்டு கிழமை குறைந்த கலோரிச் சாப்பாடு. ஒருமுறை எட்டரை மணித்தியாலப் படுக்கை, இன்னொருமுறை அதே ஆட்களுக்கு ஐந்தரை மணித்தியாலப் படுக்கை. இரண்டு தடவையும் இறங்கிய நிறை ஏறத்தாழ ஒன்றுதான், மூன்று கிலோ அளவு. ஆனால் நன்றாக உறங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. நித்திரை குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு. மிச்சம் போனது பெரும்பாலும் தசை போன்றவை. தசை போய்க் கொழுப்பு நின்றால், பட்டினி கிடந்தது யாருக்காக?

அதனால் நான் சொல்வது இதுதான்: நேரத்தோடு படுக்க முடியாத நாளில் விடிய நடையை விட்டுவிட்டு அந்திக்கு நடங்கள். அசர் தொழுகைக்குப் பிறகோ, வேலை விட்டு வந்து ஐந்து மணிக்கோ நடந்தாலும் அது நடைதான். நடப்பதற்காக நித்திரையை வெட்ட வேண்டாம்.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் ஊர் கூடுதலாக அறிவுரை சொல்கிறது. 2008இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், பிள்ளை பிறந்து ஆறு மாதமாகும்போது ஐந்து மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ உறங்கிய தாய்மாருக்கு, ஏழு மணித்தியாலம் உறங்கியவர்களோடு ஒப்பிட்டால், பேறுகாலத்தில் ஏறிய நிறையில் ஐந்து கிலோவுக்கு மேல் ஒரு வருடம் கழித்தும் இறங்காமல் நிற்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. எங்கள் வீடுகளில் தாய்க்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுக்க எத்தனையோ கைகள் வரும். பிள்ளையை இரண்டு மணித்தியாலம் வாங்கி வைத்துக்கொண்டு, "நீ போய்ப் படு மகள்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் அது கறியைவிடப் பெரிய உதவி. தகப்பன்மாரும் அதைச் செய்யலாம். பால் கொடுப்பது தவிர மற்றதெல்லாம் அவர்களுக்கும் முடியும்.

இதெல்லாம் தற்செயலாக இருக்கலாமே?

இருக்கலாம் என்று சந்தேகிப்பது நல்லது. அமெரிக்கத் தாதியர் ஆய்வு என்ற பெரிய ஆய்வில் 68,183 பெண்களைப் 16 வருடம் பின்தொடர்ந்தார்கள். ஐந்து மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, ஏழு மணித்தியாலம் உறங்கியவர்களைவிட, 15 கிலோவோ அதற்கு மேலோ கூடும் வாய்ப்பு 32 சதவீதம் அதிகம். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைத்தான் காட்டும். காசுக் கஷ்டம், இரண்டு வேலை, மூட்டு வலி, மனக்கவலை எல்லாமே நித்திரையையும் கெடுக்கும், உடம்பையும் கூட்டும். ஒன்பது, பத்து மணித்தியாலத்துக்கு மேல் உறங்குபவர்களிடமும் நிறையும் வருத்தமும் கூடுதலாகத் தெரிவதுண்டு. அங்கே பெரும்பாலும் நோயோ சோர்வோதான் ஆளைப் படுக்க வைக்கிறது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, நித்திரையைக் கூட்டிப் பார்ப்பது. 2022இல் வந்த ஓர் ஆய்வு அதைச் செய்தது. என் பார்வையில் இந்தத் துறையில் மிகவும் பயனுள்ள ஆய்வு அதுதான். ஆறரை மணித்தியாலத்துக்குக் குறைவாக உறங்கும், உடம்பு கூடிய, 21 முதல் 40 வயது வரையான 80 பேர். ஆய்வுகூடத்தில் அடைக்கவில்லை. அவரவர் வீடு, அவரவர் கட்டில், அவரவர் வேலை. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் நித்திரையைத் திருத்த ஆலோசனை சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களின் நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கும் சற்று மேல் கூடியது. சாப்பிடும் அளவு மற்றப் பாதியோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைந்தது. ஒரு நாளைக்கு 270 கலோரி என்பது எங்கள் அளவில் ஒரு பெரிய கோப்பை சோறு. எந்தப் பட்டினியும் கிடக்காமல் குறைந்தது. இரண்டு கிழமை ஆய்வு என்பதால் வருடக் கணக்கில் இது நிற்குமா என்பதை அது சொல்லாது. ஆனாலும் காரணத்தின் திசை எது என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது.

இரவில் வேலை செய்பவர்களுக்கு

மேலே சொன்னதையெல்லாம் வாசித்துவிட்டு, படுவான்கரை வயல் வட்டையில் யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவர் என்ன செய்வார்? வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர், வாவியில் இரவு இறால் பிடிப்பவர், கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டுபவர், பேக்கரியில் மா குழைப்பவர், வார்ட்டில் இரவுக் கடமையில் நிற்கும் தாதியர், இவர்களிடம் போய்ப் "பத்து மணிக்குப் படுங்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களின் முழிப்பில்தான் எங்கள் சோறும் மீனும் பாணும் வருகிறது.

அவர்கள் இரண்டு விஷயத்தில் கவனம் வைக்கலாம். ஒன்று, சாப்பிடும் நேரம். 2022இல் பொஸ்டனில் 16 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரே சாப்பாட்டை நான்கு மணித்தியாலம் பிந்திக் கொடுத்தபோதே பசி கூடியது, உடம்பு எரிக்கும் அளவு தணிந்தது. ஆகவே பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போக முன்னே, ஏழு எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. நடுச்சாமத்தில் பசித்தால் அவித்த கடலை, கௌபி, ஒரு முட்டை போன்றவை போதும். சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் இரவு வேலையின் வழக்கமான துணை. அதில் சீனியைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. மற்றது, பகல் நித்திரையைக் காப்பது. பகலில் வெளிச்சமும் வெக்கையும் சத்தமும் சேர்ந்து நித்திரையை நான்கைந்து மணித்தியாலத்தில் முடித்துவிடும். இருட்டான அறை, மின்விசிறி, "அவர் படுக்கிறார்" என்று வாசலில் வருபவரிடம் சொல்ல ஓர் ஆள், இவை வேண்டும். காலையில் நாலு மணித்தியாலமும் பின்னேரம் இரண்டு மணித்தியாலமுமாகப் பிரித்து உறங்கினாலும் பரவாயில்லை.

நோன்பு மாதத்திலும் இதே யோசனை பொருந்தும். தராவீஹ் முடிந்து கடைத்தெருவில் ஒரு மணிவரை நின்று, மூன்றரைக்கு ஸஹருக்கு எழும்பினால் அந்த மாதம் முழுக்க நித்திரை இரண்டு துண்டாகிறது. பகல் முழுக்க நோன்பிருந்தும் சிலருக்குப் பெருநாளில் உடம்பு கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தராவீஹ் முடிந்ததும் நேரே படுப்பது, பகலில் கைலூலா நித்திரை அரை மணித்தியாலமாவது எடுப்பது, இரண்டுமே நல்ல பழக்கங்கள்.

மற்றவர்கள் தொடங்க வேண்டிய இடம் அடுப்படிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, பாத்திரம் கழுவி, விளக்கை அணைத்துவிட்டால் அதன் பிறகு கை அந்தப் பக்கம் போவது குறையும். தேத்தண்ணியின் கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக ஐந்து மணித்தியாலம் ஆகும், ஆகவே கடைசித் தேத்தண்ணி பின்னேரம் நாலு மணியோடு நிற்கட்டும். வெக்கைக்கு, படுக்க முன் ஒரு குளிப்பு. உடம்பு குளிரும்போது நித்திரை சுலபமாக வரும். நுளம்பு வலை கட்டினால் நடுச்சாமத்தில் எழும்பிச் சுருள் கொளுத்தும் வேலை இல்லை. வெளிநாட்டுக் கோலை அவர்களின் லீவு நாளுக்கு, எங்கள் பின்னேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் முன்னுக்குப் படுக்கப் போனால் புரண்டு கிடந்து வெறுத்துவிடும். கிழமைக்குக் கால் மணித்தியாலம், கால் மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

எட்டு மணித்தியாலம் படுத்தும் களைப்பா?

சிலருக்கு இதெல்லாம் சரியாக இருந்தும் பயன் இருக்காது. ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழும்புவார்கள், ஆனால் காலையில் தலை பாரம், வாய் உலர்வு, பஸ்ஸில் ஏறினால் உடனே நித்திரை. இரவில் பலத்த குறட்டை, நடுநடுவே மூச்சே நின்று, பிறகு திணறிக்கொண்டு இழுப்பது. இதற்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் என்று பெயர். தொண்டைப் பாதை நித்திரையில் தளர்ந்து அடைபட, பத்து விநாடிக்கு மேலாக மூச்சு நிற்கிறது. ஓர் இரவில் இது பல பத்துத் தடவை நடக்கலாம். ஒவ்வொரு தடவையும் மூளை ஆளை அரைகுறையாக எழுப்பும். அவருக்கு அது ஞாபகம் இருக்காது.

உடம்பு கூடியதே இதற்குப் பெரிய காரணம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 690 பேரைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வந்த ஆய்வில், நிறை 10 சதவீதம் கூடியவர்களுக்கு இந்த மூச்சுத் தடை 32 சதவீதம் கூடியது. 10 சதவீதம் குறைத்தவர்களுக்கு 26 சதவீதம் இறங்கியது. மூச்சுத் தடையால் நித்திரை கெட, பகலில் அசைய மனம் வராது. அசையாமல் இருக்க இன்னும் உடம்பு கூடும். மெனோபாஸ் தாண்டிய பெண்களுக்கும் இது வரும். பிறசரும் இருந்து குறட்டையும் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். மது குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டை இன்னும் தளர்ந்து நிலைமை மோசமாகும். இதற்கு இரவில் முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்தும் இயந்திரம் இருக்கிறது. அது நித்திரையைத் திருத்தும், பகல் களைப்பைப் போக்கும். ஆனால் அது மட்டும் நிறையைக் குறைக்காது, சாப்பாடும் நடையும் கூடவே வேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டை விடுபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. மனைவியோ கணவனோ பிள்ளையோதான் அதைப் பார்த்திருப்பார்கள். அவர்களால் வர முடியாவிட்டால், இரவில் போனை வைத்து இரண்டு நிமிடம் அந்தச் சத்தத்தைப் பதிந்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள்.